மேக்கேருந்து வந்த பொண்ணுத் தவளை

மருதங்குட்டைக்கு மூணு பக்கம் பள்ளம். சும்மா பள்ளமில்ல, பனைமரத்த உள்ள நட்டா குருத்துகூட வெளிய தெரியாது. சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த பள்ளம். நாலாவது பக்கம் அய்யனார் குளம். அந்தக் குளத்துக் கரைதான் ரோடு. ஆலத்தியூர் பக்கம் போற பஸ்ஸ புடிக்கணும்னாலும் கரை, ஆஸ்பத்திரிக்குன்னாலும் கரை, சுடுகாட்டுக்குன்னாலும் கரை. வேற வழி கெடையாது.

நெலம் வச்சிருந்தவங்க எல்லாம் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டு அரியலூர் டவுன்ல மாடி வூடு கட்டிப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறது முப்பத்தெட்டு வூடு. அந்த நெலத்துல கூலி வேலை பாத்தவங்க. எழுதிக் குடுக்க அவங்ககிட்ட நெலம் இல்ல. வூட்டுக்குப் பட்டாகூட பாதிப்பேருக்கு இல்ல. அதனால போகவும் முடியல.

அதுல ஒரு வூடு அம்சவள்ளியோடது. நான் இருபத்தஞ்சு வருசம் கல்லுக்குழி ஒப்பந்தத் தொழிலாளிங்களுக்கு சங்கம் நடத்துன ஆளு. எழுத்துன்னா எனக்கு நோட்டீஸ்தான். நோட்டீசுல இவள மாதிரி ஆளுங்க 'உழைக்கும் பெண்கள்'னு ரெண்டு வார்த்தையில முடிஞ்சு போயிடுவாங்க. இவ விசயத்துல நான் பண்ணுன தப்பு ரெண்டு வார்த்தையில அடங்காது. அதான் நீட்டி எழுதுறேன்.

அம்சவள்ளி பொறந்தது வேப்பந்தட்டைக்கு மேக்கால, பச்சமலை அடிவாரத்துல. பத்தொம்பது வயசுல கண்ணையனக் கட்டிக்கிட்டு இங்க வந்தா. இப்ப நாப்பத்தி நாலு. இன்னும் ஊர்ல அவளுக்குப் பேரு மேக்கத்தியாதான். பையன் விக்கி திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். கண்ணையன் குழில லாரி ஓட்டுறான். ஒப்பந்த வேலை. நாளைக்கு வராதன்னு சொன்னா நாளைக்கு வேலை இல்ல. அவன் எந்தக் குழிய வெட்டி ஏத்துறானோ அந்தக் குழிதான் அவன் வூட்டுப் பொறக்கடைய நெருங்கி வருது. இத அவன்கிட்ட சொன்னா, "தெரியும் தோழர், ஸ்டியரிங் என் கையிலதான் இருக்கு"ம்பான்.

போன வருசத்துக்கு முந்துன வருசம் ஒரு பொண்ணு வந்து எறங்குச்சு. பேரு அனுசுயா. திருச்சிக்காரப் பொண்ணு, ஆராய்ச்சிப் படிப்பு. குழிகளுக்கு நடுவுல மாட்டிக்கிட்ட குளத்துல தவளைங்க என்ன ஆகுதுன்னு பாக்கணுமாம். ஒத்தாசைக்கு ஊர்ல ஒரு ஆளு வேணும்னு கேட்டுச்சு. ஆம்பளைங்க சிரிச்சானுங்க. அம்சவள்ளி, "நான் வரேன்"னா.

வேலை இதான். குளத்தச் சுத்தி முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் தாள வேலி மாதிரி கட்டுறது. வேலி ஓரமா பத்தடிக்கு ஒரு வாளியத் தரையோட தரையா புதைக்கிறது. தவளை தாவி வரும், வேலி மறிக்கும், ஓரமாவே போகும், வாளில விழும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அம்சவள்ளி போயி ஒவ்வொண்ணா எடுக்கணும். அனுசுயா அது வாயில பஞ்சுக் குச்சிய விட்டு எச்சில எடுத்து சின்ன குப்பில போட்டு நம்பர் எழுதும். அப்புறம் விட்டுடும்.

மொத நாளு கரையில நின்னு தங்கராசு வேடிக்கை பாத்தாரு. முன்னாடி வார்டு மெம்பரா இருந்தவரு. ஊருக்கு இப்ப இருக்கிற ஒரே வாய் அவருதான்.

"என்னா மேக்கத்தியா, தவளைக்கு கொரோனாவா?"

"ஆமாங்க மாமா. ஒங்களுக்கும் ஒரு குச்சி வைக்கவா?"

"எனக்கு எதுக்கு? நான் என்ன குளத்துலயா கெடக்குறேன்?"

"வாளிலதான கெடக்குறோம், எல்லாரும்"னுட்டு அவ அடுத்த வாளிக்குப் போயிட்டா.

அந்தப் பொண்ணு அவகிட்ட ஒண்ணையும் ஒளிக்கல. செல்லுல ஒரு போட்டோ காட்டுச்சு. பல்லி மாதிரி ஒடம்பு, தவளை மாதிரி ஈரத் தோலு, முதுகுல ரம்பம் மாதிரி கொண்டை.

"இது என்னாம்மா, ஓணானுக்கும் தவளைக்கும் பொறந்ததா?"

"இல்லக்கா, இதுக்குப் பேரு நியூட்டு. தவளைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். நம்ம பக்கமெல்லாம் கெடையாது. ஐரோப்பாவுல குட்டைங்கள்ல இருக்கும். நான் ரெண்டு வருசம் அங்க போயி இத வச்சுத்தான் இந்த வேலைய கத்துக்கிட்டேன்."

அப்புறம் சொல்லிருக்கு. அங்க ரெண்டு இன நியூட்டு பக்கத்துப் பக்கத்துல இருக்குமாம். எல்லையில ரெண்டும் கலக்குமாம். ஆயிரக்கணக்கான வருசத்துல ஒரு இனம் இன்னொண்ணத் தள்ளிக்கிட்டே போயி அது எடத்தப் புடிச்சுக்கும். தள்ளப்பட்டது அங்க ஒண்ணுகூட மிச்சம் இருக்காது. ஆனா எடத்தப் புடிச்சது இருக்கே, அதோட ஒடம்புக்குள்ள தோத்துப்போனதோட தாய்வழி இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும். அம்மாகிட்டேருந்து மட்டுமே புள்ளைக்கு வர்ற ஒண்ணு செல்லுக்குள்ள இருக்கு. அதப் படிச்சா முன்னாடி அந்த மண்ணுல யாரு இருந்தான்னு தெரியும்.

"அப்பன்கிட்டேருந்து வராதா?"

"அது வராதுக்கா."

"நல்லது. ஒண்ணாச்சும் எங்க பேர்ல இருக்கே"ன்னாளாம்.

எட்டு மாசம் ஓடுச்சு. மொத ரிசல்ட் வந்துச்சு. அனுசுயா பஸ்ஸ விட்டு எறங்கி கரையில ஓடியாந்துச்சு. அய்யனார் குளத்து வயல் தவளைங்கள்ல பத்துக்கு நாலுல தாய்வழி இந்தப் பக்கத்துது இல்ல. அது பச்சமலைத் தவளையோட வழி. பாக்க ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுபோல இருக்கும், முதுகுக் கோட்ட வச்சு இனம் பிரிக்க மாட்டாங்க, ஆனா வேற இனம். லட்சம் வருசத்துக்கு முன்னாடி மலைக்காடு இதுவரைக்கும் நீண்டு இருந்திருக்கணும்னுச்சு. அப்ப இருந்த தவளை அழிஞ்சு, அதோட தாய்வழி மட்டும் இந்தக் குளத்துல தங்கிருக்கணும். நியூட்டு கதையேதான். வேற எந்தக் குளத்துலயும் இது இல்ல. பக்கத்துப் பதினோரு குளத்துல எடுத்துப் பாத்தாச்சு.

இது தங்கராசு காதுல விழுந்துச்சு. தங்கராசு எனக்கு போன் போட்டாரு. அந்த நேரம் பாத்துத்தான் நாலாவது பக்கமும் சொரங்கம் வெட்ட கம்பெனி மனு குடுத்திருந்துச்சு. குளமும் அதுல அடக்கம். ஒன்ற மாசத்துல கருத்துக்கேட்புக் கூட்டம். குளம் போனா கரை போச்சு, கரை போனா ஊரு போச்சு. எங்க கையில ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. இப்ப தவளை கெடைச்சுது.

நான் ஒக்காந்து எழுதுனேன். 'லட்சம் ஆண்டுகள் பழமையான அரிய தவளை இனத்தின் கடைசிப் புகலிடம்! அய்யனார் குளத்தை அழிக்காதே!' ரெண்டாயிரம் நோட்டீஸ். மஞ்சத்தாளு. பேருந்து நிலையம், கலெக்டர் ஆபீஸ் வாசல், டீக்கடை எல்லாத்துலயும் குடுத்தோம்.

பத்து நாள் கழிச்சு அம்சவள்ளி அரியலூருக்கு வந்தா. டீக்கடையில என் எதிர்ல வந்து ஒக்காந்தா. கையில என் நோட்டீஸ். நாலா மடிச்சு, வேர்வையில நைஞ்சு போயி இருந்துச்சு.

"தோழரே, இதத் திருப்பி வாங்க முடியுமா?"

"எதம்மா?"

"இத்தனை நோட்டீசையும்."

"ஏன்?"

"அந்தத் தவளைய கொண்டாந்தது நான்."

எனக்குப் புரியல. அவ சொன்னா.

ரெண்டாயிரத்துப் பதினேழு. அந்த வறட்சி யாருக்கும் மறக்காது. அய்யனார் குளம் வெடிச்சுப் போயி, நடுவுல மாடு படுக்கிற அளவுக்குச் சேறு. ஊரு கூடி தவளைக் கல்யாணம் பண்ணி வச்சா மழை வரும்னு முடிவு பண்ணுச்சு. மாப்பிள்ளைத் தவளை சேத்துலயே கெடைச்சுது. பொண்ணுத் தவளையும் அங்கயே இருந்துச்சு. தங்கராசுதான் தடுத்தாரு. "ஒரே குளத்துல பொறந்தது ரெண்டும் அண்ணன் தங்கச்சி. பங்காளிக்குள்ள பொண்ணெடுத்தா மழையா வரும்? நெருப்புதான் வரும். பொண்ணு வெளியூர்லேருந்துதான் வரணும்." எல்லாருக்கும் அது சரின்னு பட்டுச்சு. ஆனா அக்கம்பக்கம் எந்தக் குளத்துலயும் தண்ணி இல்ல, தவளையும் இல்ல. "மேக்கத்தியா, ஒங்க ஊரு மலை ஓடையில தண்ணி இருக்குமே?"ன்னு அவகிட்ட வந்து நின்னாங்க.

"மாமா தட்டோட வந்து பொண்ணு கேட்டாரு தோழரே. வெத்தலை பாக்கு வச்சு. எனக்குச் சிரிப்பு. ஆனா போனேன்."

வேப்பந்தட்டை போயி, அங்கேருந்து நடந்து, மலையடி ஓடையில கொழந்தை கை அளவுக்கு ஒரு பொண்ணுத் தவளையப் புடிச்சா. முதுகுல மஞ்சக் கோடு. வயித்துல முட்டை. தூக்குவாளில ஈரத்துணி போட்டு, மூடில ஆணியால ஓட்டை குத்தி, பெரம்பலூர்ல பஸ் மாறி, அரியலூர்ல பஸ் மாறிக் கொண்டாந்தா. மஞ்சத் தண்ணி தெளிச்சு, கால்ல மஞ்சக் கயிறு கட்டி, மேளம் வச்சுக் கல்யாணம் நடந்துச்சு. முப்பத்தெட்டு வூடும் மாப்பிள்ளை பக்கம். பொண்ணு வூட்டுப் பக்கம் அவ ஒருத்திதான் நின்னா.

"கயித்த அவுத்து சேத்துல விட்டப்ப அது நவுரவே இல்ல தோழரே. அப்புடியே ஒக்காந்திருந்துச்சு. எனக்கு அழுவ வந்துடுச்சு. என்னடி இதுக்கெல்லாமான்னு எல்லாரும் சிரிச்சாங்க."

மழை வந்துச்சு, ஆவணில. எதனாலன்னு நான் சொல்ல மாட்டேன்.

"இப்ப வாளில விழுறதுல பாதிக்கு முதுகுல மஞ்சக் கோடு. நான் வந்த புதுசுல இந்தக் குளத்துல கோடு போட்டது ஒண்ணுகூட கெடையாது"ன்னா.

"தங்கராசுக்குத் தெரியாதா?"

"கல்யாணம் தெரியும். தவளை முதுக எந்த ஆம்பள குனிஞ்சு பாத்தான்?"

"அந்தப் பொண்ணு ஒன்கிட்ட முன்னாடியே கேக்கலியா?"

"கேட்டுச்சு. 'யாராச்சும் வெளிலேருந்து தவளை வாங்கியாந்து வளத்தீங்களா'ன்னு ஊர்ல எல்லாரையும் கேட்டுச்சு. இல்லன்னோம். தவளைய யாரு வளப்பா? கல்யாணம் பண்ணிக் குடுத்தது அப்ப யாருக்கும் ஞாபகத்துலயே வரல. எனக்கும்தான்."

நான் டீய கீழ வச்சேன். இப்ப சொல்லப்போறதுதான் அந்தத் தப்பு. "அம்சவள்ளி, கூட்டம் முடியுற வரைக்கும் வாயத் தொறக்காத. இது ஒன் தனி விசயம் இல்ல, முப்பத்தெட்டு வூட்டு விசயம்"னேன். சங்கத்துல ஆயிரம் பேர இதே வார்த்தை சொல்லித்தான் அடக்கிருக்கேன். அவ நோட்டீஸ மறுபடி நாலா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

வூட்டுல கண்ணையன்கிட்ட சொல்லிருக்கா. அவன் பாடு வேற. ஒன் பொண்டாட்டிதான தவளை புடிச்சுக் குடுக்குறவன்னு ஒப்பந்தக்காரரு அவனக் கூப்புட்டு ரெண்டு தடவை கேட்டாச்சு.

"நீ மூடிக்கிட்டு இருந்தா என் வேலை போவும். தொறந்தா ஊரு நம்மள காறித் துப்பும். எது வேணும்னு பாத்துக்க புள்ள."

"ஒங்களுக்கு எது வேணும்?"

"எனக்கு நாளைக்கு ஆறு மணி ஷிப்டு"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டானாம்.

மறுநாள் வாளிகிட்ட அவ அனுசுயாவ சுத்திவளைச்சுக் கேட்டா. "ஏம்மா, அது எப்ப வந்துச்சுன்னு ஒன் மிசினு சொல்லுமா?"

"இன்னும் சொல்லலக்கா. இப்ப பாத்தது தாய்வழி மட்டும்தான். முழுசா படிக்கக் குடுத்திருக்கு, மூணு மாசமாவும். இப்ப ரெண்டு சேலை இருக்குன்னு வச்சுக்கங்க, ஒண்ணு செவப்பு, ஒண்ணு பச்சை. ரெண்டையும் கிழிச்சு ஒண்ணா தச்சா மொதல்ல துண்டு பெருசு பெருசா தெரியும். அதையும் கிழிச்சுத் தச்சு, மறுபடி கிழிச்சுத் தச்சு, நூறு தடவை பண்ணுனா துண்டெல்லாம் பொடிப்பொடியா போயிடும். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கிழிப்பு. துண்டு நீளத்தப் பாத்தா எத்தனை தலைமுறைன்னு தெரிஞ்சுடும்."

"பெருசா இருந்தா?"

"இப்பத்தான் வந்துச்சுன்னு அர்த்தம். அப்புடி இருக்காதுக்கா. இருந்தா நான் கூட்டத்துல எந்திரிச்சு லட்சம் வருசம்னு சொல்லப்போறது பொய்யாயிடும். என் படிப்பே போச்சு." சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சாம்.

அம்சவள்ளி வாளிக்குள்ள கைய விட்டவ எடுக்கல. உள்ள ஒரு மஞ்சக்கோட்டுத் தவளை சுவத்துல தாவித் தாவி விழுந்துக்கிட்டு இருந்துச்சு. இந்தப் பக்கம் முப்பத்தெட்டு வூடு, அந்தப் பக்கம் இந்தப் பொண்ணோட வாழ்க்கை. ஊரு பொழைக்கணும்னா பொண்ண மிதிக்கணும். மூணு மாசம் கழிச்சு எப்புடியும் ரிசல்ட் வரும். அப்ப ஊரும் பொய்க்கார ஊரு ஆயிடும்.

கூட்டத்துக்கு மொத நாளு அவ எல்லாத்தையும் சொல்லிட்டா.

அனுசுயா கரையில அப்புடியே ஒக்காந்துடுச்சு. மொதல்ல சிரிச்சுது. சிரிச்சு முடிச்சு அழுதுச்சு. "அங்கயும் ஆளுங்க நியூட்ட ஊரு விட்டு ஊரு கொண்டுபோயி விட்டிருக்காங்கக்கா. மொதல்ல அதப் பாருன்னு என் கைடு தலையில அடிச்சு அடிச்சு சொன்னாரு. நான் பாத்தேன்க்கா. எல்லாரையும் கேட்டேன். கல்யாணம் ஆச்சான்னு மட்டும் கேக்கல. அத எந்த ஊரு புத்தகத்துலயும் போடல."

கூட்டம் பந்தல் போட்டு நடந்துச்சு. மேடையில அதிகாரிங்க, கீழ போலீசு, நடுவுல நாங்க. கம்பெனி தரப்பு ஆளு என் மஞ்ச நோட்டீஸத்தான் எடுத்தாரு. மைக்குல வாசிச்சுட்டு, "லட்சம் வருசத்துக்கு ஆதாரம் இருக்கா?"ன்னு கேட்டாரு. தங்கராசு அனுசுயாவப் பாத்தாரு. அந்தப் பொண்ணு எந்திரிச்சு, "நான் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னதுங்க. திருத்திக்கிறேன்"னுச்சு.

பந்தல் கொந்தளிச்சுது. "வெலை போயிட்டியா?"ன்னு ஒருத்தன் கத்துனான். அப்பத்தான் அம்சவள்ளி மைக்க வாங்குனா.

"அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. தவளைய மேக்கேருந்து கொண்டாந்தது நான்தான். இந்தா, மாமாதான் பொண்ணு கேட்டு வந்தாரு. அத எங்க ஊருக்குக் கட்டிக் குடுத்து ஏழு வருசம் ஆச்சு. அது லட்சம் வருசத்துது இல்ல. ஆனா இப்ப இந்தக் குளத்துலதான் இருக்கு. அதுக்கு வேற எடம் கெடையாது. எனக்கும் கெடையாது. அவ்வளவுதான்."

சிரிச்சாங்க. மேடையிலயும் சிரிச்சாங்க. தங்கராசு தலையில துண்டப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. மறுநாள் பேப்பர்ல பொட்டிச் செய்தி: 'தவளைக்கு மாமியார் வீடு'. குளத்துக்காக மைக்கப் புடிச்சான்னு கண்ணையனுக்கு ஒரு வாரம் வேலை இல்லன்னுட்டாங்க. கொழாயடியில அம்சவள்ளி கொடத்துக்கு யாரும் நவுந்து வழி விடல. இதே தங்கராசு பொண்டாட்டி பாப்பாத்தி, "வந்தவ புத்தியக் காட்டிட்டா"ன்னு அவ காதுபடவே சொன்னா. இருபத்தஞ்சு வருசம் கழிச்சும் வந்தவ.

நான் அவ வூட்டுக்குப் போனேன். திட்டத்தான் போனேன், மறைக்க விரும்பல. அவ வாசல்ல ஒக்காந்து பழைய சேலைங்கள கிழிச்சுத் தச்சுக்கிட்டு இருந்தா. "ஒக்காருங்க தோழரே. நீங்களும் திட்டிட்டுப் போங்க. இன்னைக்கு நீங்க அஞ்சாவது ஆளு"ன்னா. தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வந்துட்டேன்.

மூணு மாசத்துல முழு ரிசல்ட் வந்துச்சு. துண்டு பெருசு பெருசு. ஆறு, ஏழு தலைமுறைதான். அதுமட்டுமில்ல. மலைத் தாய்வழி உள்ள அத்தனைக்கும் தாய் ஒண்ணே ஒண்ணு. அனுசுயா பெரிய தாளுல வம்ச மரம் மாதிரி போட்டுக் கொண்டாந்து காட்டுச்சு.

"இத்தனையும் அவ புள்ளைங்களா?"

"ஆமாக்கா. பேரன் பேத்திங்க, அதுக்கும் கீழ."

"ஒத்தையா வந்தவ"ன்னா அம்சவள்ளி. தாள மடிக்காம ரொம்ப நேரம் கையிலயே வச்சிருந்தா.

இத வச்சு எழுதுன ரிப்போர்ட்டுதான் மேல அதிகாரிங்களுக்குப் போச்சு. அதுல அனுசுயா உள்ளத உள்ளபடி எழுதுச்சு. நாள், வருசம், கொண்டாந்த ஆளு பேரு வரைக்கும் தெரிஞ்ச கலப்பு இது, இப்புடி ஒண்ணு கெடைக்கிறது லேசு இல்ல, அத முழுசா படிக்கணும்னு. கூடவே இன்னொண்ணையும் எழுதுச்சு. இந்தத் தவளைங்கள மலைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது, அங்க இருக்கிறதோட கலந்துடும். வேற குளத்துலயும் விடக் கூடாது, அங்கயும் கலந்துடும்.

ஆர்டர் வந்துச்சு. படிப்பு முடியுற வரைக்கும், அஞ்சு வருசம், குளத்துல யாரும் கைவைக்கக் கூடாது. மத்த எடத்துல வெட்டலாம்.

ஊரு தப்பிச்சுதுன்னு வெடி வெடிச்சாங்க. தங்கராசு என்னமோ தானே ஜெயிச்ச மாதிரி மாலை போட்டுக்கிட்டாரு. கொழாயடியில கொடம் நவுந்துச்சு. நானும் ஒரு நோட்டீஸ் போடலாம்னு பேனாவ எடுத்தேன். ஆர்டரோட ரெண்டாவது பக்கம் படிச்சுட்டு வச்சுட்டேன். குளத்தச் சுத்தி கம்பி வேலி. கரையில ரெண்டு முனையிலயும் கேட்டு, செக்யூரிட்டி. குளத்துலேருந்து ஒரு தவளையும் வெளிய போகக் கூடாது.

கரைதான் ரோடுன்னு மொதல்லயே சொன்னேன்.

இப்ப மருதங்குட்டைல யாரு வெளிய போனாலும் கேட்டுல நோட்டுல கையெழுத்துப் போடணும். பையத் தொறந்து காட்டணும். பள்ளிக்கூடப் புள்ளைங்க டிபன் பாக்ஸத் தொறக்குதுங்க. வடக்கால புதுசா வெட்டுற குழி அம்சவள்ளி வூட்டுப் பொறக்கடைக்கு நூறடில வந்து நிக்குது. கண்ணையன அந்த ஒரு வாரத்துக்கப்புறமே மறுபடி எடுத்துக்கிட்டாங்க. இப்ப அவன் லாரி ஓடுறது அந்தக் குழியிலதான்.

போன வாரம் நான் அங்க போயிருந்தப்ப, குழிக்கு எறங்குற வழி கரையத் தாண்டி இருக்கிறதால, அம்சவள்ளி கண்ணையனுக்குச் சோறு எடுத்துக்கிட்டு கேட்டுக்கு வந்தா. அதே தூக்குவாளி. மூடில ஆணி குத்துன ஓட்டை அப்புடியே இருக்கு. செக்யூரிட்டிக்காரன் வெளியூரு ஆளு, அவளத் தெரியாது. ஓட்டையப் பாத்துட்டு சந்தேகப்பட்டான்.

"மூடில ஏன் ஓட்டை?"

"மூச்சு விட."

"எதுக்கு மூச்சு?"

"ஒங்களுக்கு எதுக்குங்க தம்பி அதெல்லாம்? பாத்துக்கங்க"ன்னு மூடியத் தொறந்தா. சோறு. மேல கருவாட்டுக் கொழம்பு. அவன் ஒரு குச்சிய எடுத்து சோத்தக் கிளறிப் பாத்தான். அடி வரைக்கும் கிளறுனான்.

அவ கைய நீட்டுன வாக்குல அப்புடியே நின்னா. அவன் போகலாம்னு சொன்னதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் நின்னா.